இயந்திரம் பொய் சொல்லுமா?

"மெஷின் பொய் சொல்லுமா டீச்சர்?"

எங்கள் தோட்டத்து மாமா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். இடம், ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள கார் நிறுத்தும் கட்டடம். நேரம், காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம். இரவெல்லாம் கண் விழித்த களைப்பு இருவருக்கும். அவர் கையில் மூன்று ஐந்து வெள்ளி நோட்டுகள் தயாராக இருந்தன. எவ்வளவு கட்ட வேண்டும் என்று இயந்திரம் சொல்வதற்கு முன்பே அவருக்கு அது மனப்பாடம்.

அத்தை அங்கே படுத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. பகலில் மகள் பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்வாள். இரவுக்கு மாமா. மாலையில் சோறு, சுடுதண்ணீர்ப் போத்தல், போர்வை எல்லாவற்றையும் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு தென் செபராங் பிறையிலிருந்து பாலம் கடந்து வருவார். விடிந்ததும் மாடுகளைப் பார்க்க ஓட வேண்டும். முன்பெல்லாம் காரைப் பெரியில் ஏற்றிக்கொண்டு வரலாம். இப்போது பெரியில் கார் கிடையாது, பாலம்தான் வழி. மோட்டார் சைக்கிளில் வந்தால் பாலத்தில் டோல் இல்லை. ஆனால் எழுபதை நெருங்கும் உடம்புக்கு அந்தப் பாலத்து ராக்காற்று ஒத்துக்கொள்ளுமா?

அன்று அத்தைக்குத் துணையாக நானும் ஓர் இரவு தங்கினேன். அதனால்தான் இயந்திரத்தின் முன் நின்றேன். டிக்கெட்டை உள்ளே விட்டார். திரையில் 15 வெள்ளி என்று வந்தது. பக்கத்துச் சுவரில் கட்டணப் பலகை. ஆசிரியைக்குக் கண் சும்மா இருக்குமா? படித்தேன். முதல் ஒரு மணி நேரம் 2 வெள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 1 வெள்ளி. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 8 வெள்ளி.

"மாமா, எட்டு வெள்ளிதானே வரணும்? ஏன் பதினைஞ்சு கட்டுறீங்க?"

அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். எட்டு ரசீதுகள். அன்றையதோடு ஒன்பது. எல்லாவற்றிலும் 15 வெள்ளி. ஆக 135 வெள்ளி. பலகை சொல்வது சரியென்றால் 72 வெள்ளிதான் ஆகியிருக்க வேண்டும். 63 வெள்ளி கூடுதல்! மாடு வைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு அது எத்தனை நாள் பால் காசு என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரசீதைப் புரட்டிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இருந்தது. என்னிடம் படித்த ஒரு பெண், கோயில் திருவிழாவில் பார்த்தபோது கழுத்தில் மாட்டியிருந்த அட்டையில் இருந்ததும் அதே பெயர்தான்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் அவளைத் தேடிப் போனேன். பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் அலுவலகம். "வாங்க டீச்சர், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான்காம் ஆண்டில் மணிக்கணக்கு வராமல் அழுத பிள்ளை. இன்று எத்தனையோ கட்டடங்களின் கட்டணக் கணக்கு அவள் விரல் நுனியில். எனக்குப் பெருமையாக இருந்தது. வந்த விஷயம் தொண்டையில் நின்றது. ரசீதுக் கட்டை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவள் முகம் மாறியது. எதுவும் பேசாமல் கணினியைத் திறந்தாள். அன்று நான் கண்டதை வாசகர்களுக்குச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வாசலில் டிக்கெட் கொடுக்கும் பெட்டிக்கோ, பணம் வாங்கும் இயந்திரத்துக்கோ சொந்த மூளை எதுவும் இல்லை. வண்டி உள்ளே வந்த நேரத்தை முதல் பெட்டி பதிவு செய்கிறது. பணம் கட்டும் நேரத்தை இரண்டாவது இயந்திரம் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்துக்கு என்ன விலை என்பது, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு மனிதர் முன்கூட்டியே எழுதி வைத்தது. அதற்குக் கட்டண வகை என்று பெயர்.

திரையின் இடப்பக்கம் அந்த வகைகள் வரிசையாக இருந்தன. சாதாரண வண்டி, மாதப் பாஸ், மோட்டார் சைக்கிள், மாற்றுத்திறனாளி, ஊழியர், தொலைந்த டிக்கெட். ஒன்றைத் தொட்டால் வலப்பக்கம் கட்டம் கட்டமாகக் கேள்விகள் வருகின்றன. முதல் மணிக்கு எவ்வளவு? அடுத்த மணிக்கு எவ்வளவு? பகுதி மணியை முழு மணியாகக் கொள்வதா? பணம் கட்டியபின் வெளியே போக எத்தனை நிமிடம் தவணை? வரி தொகைக்குள் அடக்கமா, தனியா? நாள் ஒன்றுக்கு உச்சவரம்பு எவ்வளவு?

"ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னாலே ஒரு கதை இருக்கு டீச்சர்" என்றாள். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு காசு நாணயம் புழக்கத்துக்கு வேண்டியதில்லை என்றாயிற்று. ரொக்கத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்ட வேண்டும். அதற்கு ஒரு கட்டம். 2024 மார்ச் 1-ஆம் தேதி சேவை வரி ஆறு விழுக்காட்டிலிருந்து எட்டாக உயர்ந்தது. ஆனால் வாகனம் நிறுத்துமிடச் சேவை போன்ற சிலவற்றுக்குப் பழைய ஆறே தொடரும் என்று அரசாங்கம் விலக்கு வைத்தது. அதைக் கவனியாமல் எட்டு என்று தட்டிவிட்டால், வருகிறவர் எல்லாரிடமும் தப்பாக வாங்கும். அதற்கு ஒரு கட்டம். விடுமுறை நாளுக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் விடுமுறைகளின் பட்டியலும் வேண்டும். வெளியூரில் செய்த மென்பொருளுக்கு நம் தைப்பூசம் தெரியுமா? ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமானதை ஒட்டி ஜூலை 7-ஆம் தேதி பினாங்கில் விடுமுறை என்பது தெரியுமா? தைப்பூசமோ ஆண்டுக்கு ஆண்டு வேறு தேதியில் வரும். யாராவது பஞ்சாங்கம் பார்த்ததுபோல் பார்த்து எழுதி வைத்தால்தான் இயந்திரத்துக்கு அது திருநாள்.

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள். "நாள் எப்போது புதிதாகிறது?" என்பது அந்தக் கட்டம். அதில் இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்று, நள்ளிரவு 12 மணிக்கு. மற்றது, வண்டி உள்ளே வந்ததிலிருந்து 24 மணி நேரம் கழித்து. முதல் வட்டத்தில் புள்ளி வைத்திருந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மாமாவின் ரசீது ஒன்றை எடுத்தேன். உள்ளே வந்தது மாலை 6.05. பணம் கட்டியது காலை 6.50. நள்ளிரவு வரை ஆறு மணி நேரம்: முதல் மணிக்கு 2, அடுத்த ஐந்துக்கு 5, ஆக 7 வெள்ளி. பன்னிரண்டு அடித்ததும் இயந்திரத்துக்கு மறுநாள் பிறந்துவிட்டது. வண்டி அசையவே இல்லை. ஆனால் புதிதாக உள்ளே வந்ததுபோல் மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்குகிறது. ஏழு மணி நேரத்துக்கு 2-உம் 6-உம், 8 வெள்ளி. ஏழும் எட்டும் பதினைந்து!

இரண்டாம் வட்டத்தில் புள்ளி இருந்திருந்தால்? மொத்தம் 13 மணி நேரம். கணக்குப்படி 14 வெள்ளி. ஆனால் உச்சவரம்பு 8. எட்டோடு நின்றிருக்கும். ஒரு புள்ளியில் ஏழு வெள்ளி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஏனென்றால் மணிக்கணக்கை அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். "நள்ளிரவைத் தாண்டினால் குழம்பாதே. பன்னிரண்டு வரை ஒரு பகுதி, பன்னிரண்டுக்குப் பின் ஒரு பகுதி. இரண்டையும் கூட்டு" என்பேன். நேரத்துக்கு அது சரி. ஆறும் ஏழும் பதின்மூன்றுதான். ஆனால் விலைக்கு அது சரியில்லை. நேரத்தை எங்கே வெட்டினாலும் கூட்டினால் அதே நேரம்தான் வரும். விலையை வெட்டினால் கூடிப்போகிறது. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் எனக்கு இது தோன்றியதில்லை.

"இதை ஏத்தினது நான்தான் டீச்சர்" என்றாள் அவள், தலை குனிந்தபடி. புதிதாக ஒரு கட்டடத்தை நிறுவனம் எடுத்தால் எல்லாக் கட்டங்களையும் முதலிலிருந்து நிரப்புவதில்லையாம். ஏற்கெனவே ஓடுகிற ஒரு கட்டடத்தின் வகைகளை நகல் எடுத்து, தொகையை மட்டும் மாற்றுவார்களாம். அவள் நகல் எடுத்தது ஒரு பேரங்காடியின் பட்டியலை. அங்கே இரவு பத்து மணிக்குக் கடை சாத்திவிடும். நள்ளிரவைத் தாண்டி யாரும் இருப்பதில்லை. அந்தப் புள்ளி அங்கே யாரையும் கடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அது வந்து உட்கார்ந்ததும் கடித்தது. அதுவும் நோயாளிக்குத் துணையாக விடிய விடிய இருப்பவர்களை மட்டும் தேடிப்பிடித்துக் கடித்தது.

அப்போது எனக்கு எங்கள் அம்மாவின் நினைவு வந்தது.

எண்பதுகளில் எங்கள் தோட்டம் பால்மரக்காடு. இன்றுபோல் செம்பனை அல்ல. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க வேண்டும். ஒருநாள் தம்பிக்குக் கடும் காய்ச்சல். அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்குப் போய்விட்டு அம்மா ஓடி வந்தார். பெரட்டு முடிந்துவிட்டது. ஆனாலும் காட்டுக்குப் போனார். நிரையை முடித்துத்தான் திரும்பினார். சம்பள நாளில் பார்த்தால் அரைப்பேர்! அம்மா போய்க் கேட்டார். கிராணி நல்ல மனிதர்தான். செக்ரோலைத் திறந்து காட்டினார். "முழுப்பேர் இருக்கு, அரைப்பேர் இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்கு இதிலே கட்டம் இல்லையம்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார். அந்தப் புத்தகத்தில் கட்டம் போட்டவர் யார் என்று கேட்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. புத்தகம் பொய் சொல்லுமா என்றுதான் அவரும் நினைத்தார்.

கட்டம் போடுகிறவன் யார் என்பது சின்னக் கேள்வி இல்லை. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். அதில் ஓடும் வண்டிகளையும் கார், லாரி, டாக்சி, பஸ், மோட்டார் சைக்கிள் என்று வகை பிரித்துத்தான் டோல் வாங்கினார்கள். வேலைக்குப் போகும் ஏழைகளின் வாகனம் மோட்டார் சைக்கிள்தான் என்று பலர் எடுத்துச் சொன்னதன் பேரில், 2019 ஜனவரி 1 முதல் இரு பாலங்களிலும் அந்த வகைக்கு மட்டும் டோல் எடுபட்டது. கார் ஓட்டுகிறவர் தொடர்ந்து கட்டினார். ஒரே பாலம், ஒரே கடல். வகை மட்டும் வேறு. அதே 2019-இல் பினாங்குத் தெருக்களில் காகிதக் கூப்பனின் இடத்துக்குக் கைப்பேசிச் செயலி வந்தது. வண்டி எண்ணைத் தட்டினால் கணக்கு ஓடுகிறது. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நட்டபோது, ஒரு மணிக்கு ஐந்து சென்ட் நாணயம் ஒன்று. வகையும் இல்லை, கட்டமும் இல்லை. இன்று வகைகள் பெருகிவிட்டன. அது நல்லதுதான். மாற்றுத்திறனாளிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தனி வகை இருப்பது இரக்கத்தால் வந்தது. ஆனால் வகை பெருகப் பெருக, யார் எந்த வகையில் விழுகிறார் என்பதை யோசிக்க ஓர் ஆள் வேண்டும்.

மறுபடி அந்த மாடி அறைக்கு வருகிறேன்.

"டீச்சர், இப்பவே புள்ளிய மாத்திடட்டுமா?" என்றாள். "மாத்தினா நாளையிலிருந்து எட்டுதான் வரும். யாருக்கும் தெரியாது."

நான் யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் மாற்றினால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. அவள் அப்பா பால்வெட்டிப் படிக்க வைத்த பிள்ளை. இரண்டு தம்பிகள் இன்னும் படிக்கிறார்கள். ஆனால் மாமாவின் 63 வெள்ளி? மாமாவைப் போல் இத்தனை மாதமாகக் கட்டியவர்கள்? சொல் என்று நான் சொல்லி, அவள் வேலை போனால் என்ன செய்வது? சொல்லாதே என்று சொன்னால், நாளைக்கு வகுப்பில் நின்று எதைப் பாடம் நடத்துவது? "நீயே முடிவு செய்யம்மா" என்று மட்டும் சொன்னேன். அது துணிவில்லாத பதில் என்பது எனக்குத் தெரியும். இறங்கி வரும்போது படிகள் நீளமாகத் தெரிந்தன.

திங்கட்கிழமை மாலை அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மேலாளரிடம் எழுத்து மூலமாகவே கொடுத்துவிட்டாளாம். தவறு தன்னுடையது, காரணம் இது, திருத்தம் இது என்று ஒரே பக்கம். வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. "பரவாயில்லை டீச்சர். ராத்திரி தூங்கினேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனி ஏத்துறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. எனக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கணக்கு எழுதிக் கொடுப்பதுதானே என் தொழில்! பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். உள்ளே இரவு 11.50, வெளியே 12.10, விடை என்ன? இருபதே நிமிடம், 2 வெள்ளி வர வேண்டும். பழைய புள்ளியில் 4 வந்திருக்கும். ஒரு மணி ஒரு நிமிடத்துக்கு 3. மாலை 6 முதல் மறுநாள் மாலை 7 வரை 25 மணி நேரம்; முதல் நாளுக்கு 8, மீதி ஒரு மணிக்கு 2, ஆக 10. தைப்பூசத்துக்கு முந்திய இரவு வந்து மறுநாள் போனால்? டிக்கெட் தொலைத்தவர் வந்தால்? புதுக் கட்டணம் அமலாகும் வேளையில் ஏற்கெனவே உள்ளே நிற்கிற வண்டிக்குப் பழையதா, புதியதா? கடைசிக் கணக்குக்கு நானே விடையும் எழுதினேன்: எது குறைவோ அது.

அவள் ஒவ்வொன்றையும் கணினியில் போட்டுப் பார்த்தாள். விடை ஒத்துவந்த பிறகே எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பினாள். வண்டிகள் குறைவாக நிற்கும் விடியற்காலை நான்கு மணிக்கு அது அமலுக்கு வந்தது.

இயந்திரத்தின் பக்கத்தில் அறிவிப்பு ஒன்றும் ஒட்டினார்கள். கடந்த மாதங்களில் இரவு தங்கி அதிகம் கட்டியவர்கள் ரசீதைக் காட்டினால் மீதி கிடைக்கும் என்று. மாமா தம்முடைய கட்டோடு போனார். 63 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்கள். அன்றே மாட்டுக்கு இரண்டு மூட்டை தீவனம் வாங்கிப் போட்டார்.

ஆனால் மாமாவைப் போல் வந்தவர்கள் மிகச் சிலரே. நள்ளிரவைத் தாண்டிய கணக்குகள் கணினியில் வரி வரியாக இருக்கின்றன என்று அவள் சொன்னாள். உள்ளே வந்த நேரம், கட்டிய நேரம், வாங்கிய தொகை எல்லாம் இருக்கிறது. காகித டிக்கெட்டில் பேர் மட்டும் இல்லை. யாருடைய பணம் என்பது தெரிந்தால்தானே திருப்பிக் கொடுக்க? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிள்ளைக்கோ காவலிருந்துவிட்டு விடியற்காலையில் ஒன்றும் கேட்காமல் கட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். ரசீதை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டிருப்பார்கள். "அந்த வரிகளைப் பார்க்கும்போதுதான் டீச்சர் மனசு கேக்கலே" என்றாள்.

வாசக அன்பர்களே! இயந்திரம் பொய் சொல்லுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். இயந்திரம் பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. யாரோ எழுதி வைத்ததைச் சொல்லும். எழுதியவர் நம்மைப் போன்ற ஒருவர். கை தவறும், அவசரம் இருக்கும், நகல் எடுப்பார். ஆகவே பலகையைப் படியுங்கள். திரையில் வரும் தொகையோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் உதவிக்கு உள்ள பொத்தானை அழுத்திக் கேளுங்கள், கேட்பது சண்டையல்ல. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பெற்றோர் காலத்தில் கட்டம் போட்ட புத்தகம் வேறு யாருடைய கையிலோ இருந்தது. இன்று நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். பில் போடும் கணினி, சம்பளக் கணினி, மருத்துவமனைக் கணினி என்று எத்தனையோ இடங்களில் கட்டத்தை நிரப்புகிற விரல்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் விரல்கள். கட்டத்தின் அந்தப் பக்கம் நிற்கப்போவது யார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டு நிரப்பச் சொல்லி அவர்களை வளர்ப்போம். பெரட்டுக்குப் பிந்தி வந்த ஒரு தாய் அங்கே நிற்கக்கூடும்.

அத்தை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பு ஊன்றி நடக்கிறார். மாதம் ஒருமுறை காட்டிவர மாமாதான் அழைத்துப் போகிறார். போன முறை நானும் கூடப் போயிருந்தேன். இயந்திரம் ரசீதைத் தந்தது. மாமா உடனே பைக்குள் வைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"சரியா இருக்கு டீச்சர்" என்றார். பிறகுதான் மடித்து வைத்தார்.